கொய்மலர்ப் பசுமைக்குடிலில் ஒளியையும் வெப்பத்தையும் ஆளும் முறை: ஓசூர், நீலகிரி விவசாயிகளுக்கான வழிகாட்டி

ஓசூர், தளி, பாகலூர், பேரிகை வட்டாரங்களில் பாலிஹவுஸ் அமைத்து ரோஜாவும் ஜெர்பராவும் வளர்ப்பவர்களுக்கு, ஹாலந்து விவசாயி குளிர்காலத்தில் மின்விளக்குப் போட்டுப் பெறுகிற வெளிச்சம் வானத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவும் இதமாகக் குளிர்கிறது. சிக்கல் எங்கே என்றால், அந்த வெளிச்சத்தோடு கூடவே வரும் பகல் வெப்பத்தில் இருக்கிறது. வெப்பத்துக்கு அஞ்சி மாசி மாதம் நிழல்வலையை இழுத்து மூடிவிட்டு, ஆடி, ஆவணியில் வானம் நாள் முழுக்க மூடிக் கிடக்கும்போதும் அதைத் திறக்காமல் விடும் பழக்கம் பல தோட்டங்களில் உண்டு. காம்பு மெலிவதற்கும் பூ விடாத குருட்டுத் தளிர் பெருகுவதற்கும் உரத்தையும் மருந்தையும் குறை சொல்வதற்கு முன், தலைக்கு மேலே விரிந்து கிடக்கும் வலையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளிச்சத்தை முடிந்த அளவு உள்ளே விட்டு, வெப்பத்தை மட்டும் வெளியேற்றுவதே இந்தத் தொழிலில் கற்க வேண்டிய திறமை. அதை மணிக்கு மணி பார்த்துச் செய்ய வேண்டும். மாதத்தைப் பார்த்துச் செய்ய முடியாது.

முதலில் அளவு

கையில் வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டரும் உச்ச, குறைந்த வெப்பநிலைகளைக் காட்டும் வெப்பமானியும் ஈரப்பதமானியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. வெப்பமானியைத் தூணில் வெயில்படத் தொங்கவிட்டால், அது காற்றின் வெப்பத்தைக் காட்டாமல் தன்மேல் படும் வெயிலின் சூட்டைக் காட்டும். வெள்ளை நிறப் பெட்டிக்குள் வைத்து, ஒரு சிறிய மின்விசிறி அதன் வழியே காற்றை இழுக்கும்படி செய்து, பூ மொட்டு நிற்கும் உயரத்தில், குடிலின் நடுவில் தொங்கவிட வேண்டும். செடி வளர வளரப் பெட்டியும் மேலே ஏற வேண்டும்.

ஒளியைப் பொறுத்தவரை, நண்பகலில் ஒரு முறை பார்க்கும் லக்ஸ் எண் பெரிதாக எதையும் சொல்லாது. செடிக்குக் கணக்கு, ஒரு நாள் முழுவதும் ஒரு சதுர மீட்டரில் விழுந்த ஒளித்துகள்களின் மொத்தம். இதை மோல் என்ற அலகில் சொல்வார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமலே இதை ஓரளவு கணக்கிடலாம். காலை 8, 10, நண்பகல் 12, பிற்பகல் 2, மாலை 4 ஆகிய ஐந்து வேளைகளில், செடியின் நுனி உயரத்தில் லக்ஸ் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை 12,000, 32,000, 45,000, 36,000, 15,000 என்று வந்தால் சராசரி 28,000 லக்ஸ். சூரிய ஒளியில் ஏறக்குறைய 54 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்கு (மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு) சமம் என்பதால், 28,000-ஐ 54-ஆல் வகுத்தால் விநாடிக்கு 518 மைக்ரோமோல் கிடைக்கும். ஒவ்வோர் அளவும் முன்பின்னாக இரண்டு மணி நேரத்துக்கு நிற்பதால், பத்து மணி நேரத்தின் 36,000 விநாடிகளால் பெருக்கினால் அந்த நாளின் மொத்தம் சுமார் 18.7 மோல்.

ஜெர்பராவுக்கு இது போதும். ரோஜாவுக்கு நாளொன்றுக்கு 20 மோலுக்கு மேல் கிடைப்பது நல்லது. இதே கணக்கை ஆடி மாத மூட்டத்தில், 50 சதவீத நிழல்வலை மூடிய நிலையில் போட்டுப் பாருங்கள். நண்பகலில் வெளியே 30,000 லக்ஸ் இருந்தால், பாலித்தீன் கூரையும் கம்பிகளும் கால் பங்கை எடுத்துக்கொள்ள, வலை மீதியில் பாதியை எடுத்துக்கொள்ள, செடிக்கு வந்து சேர்வது 11,000 லக்ஸ் அளவில்தான் இருக்கும். நாள் சராசரி 7,000 என்று கொண்டால் மொத்தம் 5 மோலைக்கூடத் தொடாது. அப்படி ஒரு மாதம் பட்டினி கிடந்த ரோஜாவிடம் நீளமான காம்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கூரையின் நிலையையும் இதே மீட்டரால் சோதிக்கலாம். வலையைத் திறந்துவைத்து, ஒரே நேரத்தில் வெளியேயும் உள்ளேயும் அளவெடுத்து, உள்ளே இருப்பது வெளியே இருப்பதில் 60 சதவீதத்துக்கும் கீழே போனால் கூரையைக் கழுவ வேண்டும், அல்லது ஷீட்டை மாற்ற வேண்டும். 200 மைக்ரான் ஷீட் சாதாரணமாக மூன்று ஆண்டுகள் தாங்கும். சாம்பல் நோய்க்காக இரவில் கந்தகம் புகைக்கும் தோட்டங்களில், அந்தப் புகை ஷீட்டிலுள்ள புற ஊதாப் பாதுகாப்பைக் கெடுப்பதால், அதன் ஆயுள் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடில் அமைப்பவர்கள் மழைநீர்க் காடி வடக்கு தெற்காக ஓடும்படி அமைத்தால், காடியின் நிழல் ஒரே பாத்தியின் மேல் நாள் முழுக்க நிற்காமல் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து போகும். கூரையின் மேல் திறப்பு, ஆடிக் காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக, அதாவது கிழக்கு நோக்கி இருக்கட்டும். காற்று கூரையைத் தாண்டும்போது உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சி எடுத்துச் செல்லும்.

ஒவ்வொரு பூவுக்கும் அதன் வெப்பம்

ரோஜாவுக்குப் பகலில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸும் இரவில் 15 முதல் 18 டிகிரியும் ஏற்றவை. ஜெர்பராவுக்குப் பகலில் 22 முதல் 26, இரவில் 13 முதல் 16 போதும். இரவு 12 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் புது மொட்டு எடுப்பது மந்தமாகிவிடும். கார்னேஷன் இவற்றைவிடக் குளிரை விரும்புவது: பகலில் 18 முதல் 24, இரவில் 10 முதல் 14. சாமந்திக்கு இரவு 16 முதல் 18 டிகிரி இருந்தால் மொட்டு சீராக அமையும்.

இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்து ஒவ்வொரு நாளும் அவற்றையே பிடிக்க முயல்வது சரியான வழி ஆகாது. வெப்பம் செடியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வெளிச்சம் அந்த வேகத்துக்குத் தேவையான உணவைத் தீர்மானிக்கிறது. வெயில் நன்றாக இருக்கும் நாளில் 28 டிகிரி வரை விடலாம். ஒளிச்சேர்க்கை அதற்கு ஈடுகொடுக்கும். மூட்டமான நாளில் அதே 28 டிகிரி இருந்தால், செடி சேர்த்த உணவைவிட அதிகமாகச் சுவாசத்தில் செலவழித்து, மெலிந்து நீண்டு, வெளிறிய பூவைத் தரும். ஆகவே மூட்டமான நாளில் பக்கத்திரைகளைக் கூடுதலாகத் திறந்து, குடிலை 22 டிகிரி அளவில் வைத்திருப்பதே நல்லது.

பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு காம்பின் நீளத்தை மாற்றும் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராயல் ஹெய்ன்ஸும் ஜான் எர்வினும் 1980-களில் லில்லிச் செடிகளைக் கொண்டு விளக்கினார்கள். பகல் சூடாகவும் இரவு குளிராகவும் இருந்தால் கணுவிடைகள் நீளும்; இரண்டும் நெருங்கினால் செடி குட்டையாகும். கொய்மலர் வளர்ப்பவருக்கு நீளம் தேவை என்பதால் ஓசூரின் இயல்பான வேறுபாடு அவருக்குச் சாதகமே. தொட்டிப்பூ வளர்ப்பவர் மட்டும், விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரம் திரைகளைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விட்டு, மருந்தில்லாமலே செடியைக் கட்டுக்குள் வைக்கலாம்.

காலை இரண்டு மணி நேரம்

ஒரு நாளில் எந்த நேரம் முக்கியம் என்று என்னைக் கேட்டால், சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து இரண்டு மணி நேரம் என்றே சொல்வேன். மார்கழிக் காலையில் மூடிய குடிலுக்குள் மொட்டின் வெப்பம் 14 டிகிரியில் இருக்கும். வெயில் ஏறியதும் காற்று விரைவில் 20 டிகிரிக்குச் சூடாகும். இலைகளும் மண்ணும் ஈரத்தை விட, ஈரப்பதம் 85 சதவீதத்தில் நிற்கும். அந்தக் காற்று 17.4 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியும். தடித்த மொட்டோ காற்றைப் போல உடனே சூடாவதில்லை. அது இன்னும் 15, 16 டிகிரியில்தான் நிற்கிறது. எனவே இதழ்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. சாம்பல் அழுகல் பூசணத்தின் வித்து முளைக்க அதுவே போதும். தோட்டத்தில் குறை தெரியாத பூ, பெட்டியில் அடைத்து விமானம் ஏறி, வாங்குபவர் திறக்கும்போது பழுப்புப் புள்ளிகளோடு நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதைத் தவிர்க்க, வெயில் ஏறும் முன்பே மேல் திறப்பைக் கொஞ்சமாகத் திறந்து ஈரக் காற்றை வெளியேற்றிவிட வேண்டும். பிறகு காற்று வீசாத பக்கத்துப் பக்கத்திரையை ஒரு சாண் அளவு இறக்கி, வெப்பம் மணிக்கு இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் ஏறாதபடி படிப்படியாகத் திறக்க வேண்டும். குளிருக்கு அஞ்சி ஒன்பது மணி வரை மூடியே வைப்பவர்கள் இன்னொன்றையும் இழக்கிறார்கள். மூடிய குடிலில் செடிகள் விடிந்த சிறிது நேரத்திலேயே உள்ளிருக்கும் கரியமில வாயுவை உண்டு தீர்க்கத் தொடங்கிவிடும். அதன் பின் எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் பயன் குறைவு.

கோடையும் நிழல்வலையும்

பங்குனி, சித்திரையில் பிற்பகலில் வெளியே 34 டிகிரி இருக்கும்போது, காற்றோட்டம் குறைந்த குடிலுக்குள் 40-ஐ எட்டிவிடும். ரோஜா சிறுத்து இதழ் எண்ணிக்கை குறைவதும், சிலந்திப்பேன் பெருகுவதும், சிவப்பு வெளிறுவதும் இக்காலத்தில்தான். இங்கே வரிசை முக்கியம்: முதலில் காற்றோட்டம், அடுத்து நிழல், கடைசியில் நீர்த்துளி.

காற்றோட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பூச்சிவலையில் படிந்த தூசி. 40 மெஷ் வலை புதிதாக இருக்கும்போதே காற்றைக் குறைக்கும். தூசி ஏறிவிட்டால் சுவர் போலாகிவிடும். கோடை தொடங்கும் முன் அதை நீரடித்துக் கழுவுங்கள்.

நிழல்வலையை எப்போது மூடுவது என்பதற்கு நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம். இரண்டு எண்களைப் பாருங்கள். செடி உயரத்தில் 50,000 லக்ஸைத் தாண்டி, வெப்பமும் 30 டிகிரியைத் தாண்டினால் மூடுங்கள். இரண்டில் ஒன்று கீழே இறங்கியதும் திறங்கள். பெரும்பாலான கோடை நாட்களில் இது முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரையில் முடிந்துவிடும். காலை 7 முதல் 11 வரை கிடைக்கும் வெளிச்சம் வெப்பம் குறைந்த வெளிச்சம். அதை ஒரு நாளும் வீணாக்கக் கூடாது. வலையை வாங்கும்போது, கறுப்பு வலை வெயிலைத் தான் உறிஞ்சிச் சூடாகி அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அலுமினியப் பட்டைகள் கொண்ட வலை வெயிலைத் திருப்பி அனுப்பும். விலை கூடினாலும் ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் அதையே பரிந்துரைப்பேன். கூரைக்கு மேலே வலை கட்ட வசதியிருந்தால், வெப்பம் உள்ளே நுழையும் முன்பே தடுக்கப்படுவதால், பலன் இன்னும் அதிகம். ஆடிக் காற்றுக்கு முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

நுண்ணிய நீர்த்துளிகளைக் காற்றில் தெளிக்கும் ஃபாகரைப் பயன்படுத்தும்போது வெப்பத்தை மட்டும் பார்க்காமல், காற்றின் வறட்சியைப் பார்க்க வேண்டும். 34 டிகிரியில் 30 சதவீத ஈரப்பதம் என்றால், அந்த வறட்சியின் அளவான ஆவியழுத்தக் குறைபாடு 3.7 கிலோ பாஸ்கல். செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அதன் பின் வெளிச்சமும் உரமும் வீண். அதையே 28 டிகிரிக்கும் 65 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால் குறைபாடு 1.3-ஆகக் குறையும், 0.5-க்கும் 1.2-க்கும் இடைப்பட்ட இலக்குக்கு அது அருகில் வந்துவிடுகிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டி, இலை நனையும் முன் நிறுத்தி, காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேற இடைவெளி விட்டு, மீண்டும் ஓட்ட வேண்டும். அப்போது திறப்புகள் திறந்தே இருக்க வேண்டும்; மூடிய குடிலில் ஃபாகர் ஓட்டுவது நீராவிக் குளியலாகிவிடும். பிற்பகல் 3 மணிக்குப் பின் ஓட்ட வேண்டாம். ஈர இலையோடு இரவுக்குள் போகும் செடிக்கு நோய் நிச்சயம். உப்பு நிறைந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இலையில் வெள்ளைப் படிவை விட்டு, முனைகளையும் அடைத்துவிடும். 1,000 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் நல்ல நீர் வழிந்தோடுகிறது. ஃபாகருக்கென்றே அதைத் தொட்டியில் பிடித்துவையுங்கள்.

மார்கழிக் குளிரும் பிப்ரவரிச் சந்தையும்

மேகமில்லாத, காற்றில்லாத மார்கழி இரவில், சாதாரணப் பாலித்தீன் கூரை வெப்பக் கதிர்களைத் தடையின்றி வானத்துக்கு விட்டுவிடுவதால், குடிலுக்குள் வெளியைவிடக் கூடக் குளிர்ந்து போவதுண்டு. பகல் சூட்டை மண் வாங்கி வைத்திருக்கும்போதே, மாலை 4 மணியளவில் பக்கத்திரைகளை ஏற்றி, இருட்டும் நேரத்தில் அலுமினிய வலையையும் மூடினால், அந்தச் சூடு வானத்துக்குப் போவது குறையும். நிழலுக்காக வாங்கிய அதே வலை இரவில் போர்வையாகிறது. பலர் இந்தப் பாதிப் பயனை எடுத்துக்கொள்வதே இல்லை. மேல் திறப்பில் மட்டும் சிறு இடைவெளி விட்டால் ஈரம் தேங்காது.

சிவப்பு ரோஜாவின் வெளி இதழ் ஓரம் கறுப்பதும் இக்காலத்தில்தான். குளிர்ந்த இரவும் மறுநாள் கடும் புற ஊதா ஒளியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஷீட் போட்டால் பெரிதும் குறையும். ரோஜாவுக்குத் தேனீ தேவையில்லாததால் அதில் இழப்பும் இல்லை.

காதலர் தினச் சந்தைக்குப் பூ ஜனவரி கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி 10-க்குள் வெட்டப்பட வேண்டும். கவாத்திலிருந்து (கிளைகளை வெட்டிவிடுவதிலிருந்து) அறுவடை வரை எத்தனை நாள் என்பதைச் சராசரி வெப்பம்தான் தீர்மானிக்கிறது. ரோஜாவின் வளர்ச்சி ஏறக்குறைய 5 டிகிரியில் நின்றுவிடுவதாகக் கொண்டு கணக்கிடுங்கள். பகலிரவுச் சராசரி 20 டிகிரியாக இருக்கும்போது உங்கள் ரகம் 50 நாளில் வெட்டுக்கு வருகிறது என்றால், அது தினமும் 15 வீதம் 750 அலகு சேர்த்திருக்கிறது. சராசரி 18-ஆக இறங்கினால் தினம் 13 மட்டுமே சேரும். 750-ஐ எட்ட 58 நாள் ஆகும். இரண்டு டிகிரிக்கு எட்டு நாள். சந்தை முடிந்து எட்டாம் நாள் வரும் பூவை என்ன விலைக்குக் கேட்பார்கள் என்பது ஓசூரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே டிசம்பர் முதல் பாதியில் கவாத்து முடித்த நாளிலிருந்தே அன்றாடச் சராசரியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். பின்தங்கினால் திரையை முன்னதாக மூடிச் சூட்டைக் காக்கலாம். முந்திப் போனால் பகலில் அகலத் திறந்து 22 டிகிரியில் பிடித்து நிறுத்தலாம். மொட்டு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு இந்தத் திருத்தத்துக்கு அதிக இடமில்லை.

சாமந்திக்கு நள்ளிரவு விளக்கு

ரோஜாவுக்கும் ஜெர்பராவுக்கும் பகல் நீளம் பெரிய பொருட்டல்ல. கொய்மலர்ச் சாமந்திக்கு அதுவே எல்லாம். பல ரகங்களில் பகல் 14.5 மணி நேரத்துக்குக் குறைந்தால் மொட்டு உருவாகத் தொடங்கும், 13.5 மணிக்குக் குறைந்தால் மொட்டு வளர்ந்து விரியும். ஓசூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணியைத் தொடுவதில்லை. அதனால் நட்ட செடி முழங்கால் உயரம்கூட வளராமல் பூத்துவிடும். காம்பு நீள வேண்டுமானால், நட்ட நாள் முதல் செடி 30, 35 சென்டிமீட்டர் உயரும் வரை, இரவு 10 மணி முதல் 2 மணி வரை விளக்குப் போட்டு நீண்ட இரவை இரண்டாக வெட்ட வேண்டும். செடி எண்ணுவது இருட்டின் தொடர்ச்சியைத்தான்.

குண்டு பல்பு என்றால் செடி நுனியில் 100 லக்ஸ் போதும். சிவப்பு எல்.இ.டி. விளக்குக்கு லக்ஸ் மீட்டரை நம்ப வேண்டாம். மனிதக் கண்ணுக்கு ஏற்ற அந்தக் கருவி சிவப்பைக் குறைத்துக் காட்டும். மின்செலவைக் குறைக்க, அந்த நான்கு மணி நேரத்திலும் அரை மணிக்கு 6 நிமிடம் மட்டும் விளக்கு எரியும்படி டைமர் வைத்தாலும் செடி ஏற்கும். மின்வெட்டு இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்தால் மொட்டு கட்டிவிடும். ஜெனரேட்டர் இல்லாமல் இந்தப் பயிரில் இறங்கக் கூடாது. விளக்கை நிறுத்திய பின் இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும். மோட்டார் கொட்டகை விளக்கோ தெருவிளக்கோ விழும் ஓர வரிசைகள் மட்டும் பூக்காமல் பச்சையாகவே நிற்பதைக் கண்டால், நோய் என்று மருந்தடிக்காமல் இரவில் போய் அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

நீலகிரிக் கார்னேஷன்

கோத்தகிரி, குன்னூர்ப் பகுதியில் நிலைமை தலைகீழ். மழைக்காலத்தில் மூடுபனியும் மழையும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். ஷீட்டின் மேல் பாசி படியும். அங்கே நிழல்வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, கூரையை மழைக்காலத்துக்கு முன் தேய்த்துக் கழுவுவதே முதல் வேலை. குளிர்காலத்தில் மொட்டைத் தாங்கும் பச்சைப் புல்லிவட்டம் வெடிப்பது பெரிய இழப்பு. இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கூடுதல் இதழ்கள் உருவாகி, பகல் வெயிலில் விரைந்து விரிய, புல்லி தாங்காமல் கிழிகிறது. எனவே இரவில் சூட்டைக் காப்பதோடு பகலில் முன்னதாகத் திறந்து, இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு 10, 12 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போரான் பற்றாக்குறையும் வெடிப்பைக் கூட்டும். மொட்டைச் சுற்றி டேப் ஒட்டுவது வெடிப்பைத் தடுக்கும்; ஆனால் அதற்காகும் ஆள்கூலியைவிடத் திரையை நேரத்துக்கு இயக்கும் கூலி குறைவு.

சமவெளியில்

கோயம்புத்தூர், திண்டுக்கல் சமவெளியில் விசிறியும் ஈரத்திரையும் வைத்து ரோஜா வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 34 டிகிரியும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள பிற்பகலில், நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய எல்லையான ஈரக்குமிழ் வெப்பநிலை 21 டிகிரி அளவில் இருப்பதால், ஈரத்திரை காற்றை 24 டிகிரி வரை குளிர்விக்கும். ஐப்பசி மழையில் 28 டிகிரியும் 85 சதவீதமும் இருக்கும்போது அதே திரையால் இரண்டு டிகிரிகூடக் குறைக்க முடியாது. இரவுக் குளிரை எந்தத் திரையும் தராது. சமவெளியின் சூடான இரவில் ரோஜா பகலில் சேர்த்ததைச் சுவாசித்தே தீர்த்துவிடும். மின்கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஏற்றுமதி ரோஜாவை அங்கே தொடங்க நான் சொல்லமாட்டேன். சூடான இரவையும் குறைந்த வெளிச்சத்தையும் ஏற்கும் ஆந்தூரியம், டென்ட்ரோபியம் ஆகியவற்றை, ஈரக்காற்று நிலைக்கும் மலையடிவாரங்களில் நிழல்வலைக் குடிலிலேயே வளர்க்கலாம். ஆந்தூரியத்துக்கு 15,000 முதல் 25,000 லக்ஸ் போதும். டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல் பொருந்தும். இரண்டுக்கும் இரவு 18 டிகிரிக்குக் கீழே போகாத இடமாகப் பார்த்து நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.